பாட்டியின் பெயரில் ஒரு சிம்: தோட்டப்புற ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர். ஒரே நீளமான கடைத்தெரு, ஒரு போலீஸ் நிலையம், ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் இடைநிலைப்பள்ளி, சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, வந்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் உள்ளேதான். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இதில் பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டத்தோடு சம்பந்தப்பட்டுவிட்ட 18 வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டும் பெயர், படம், முகவரி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 15ஆம் பிரிவு. அந்தப் பிரிவை நான் காலம் கடந்துதான் படித்தேன். அது எப்படி என்பது கீழே வருகிறது.

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். நன்னெறியும் தமிழும் என் பாடங்கள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இலவச டியூஷன் நடத்துகிறேன். இந்தச் சம்பவத்தில் மாட்டிக்கொண்ட பையன்களும் பாதிக்கப்பட்ட பிள்ளையும் அந்த மண்டபத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள்.

நடந்தது

2025 செப்டம்பர் பள்ளி விடுமுறை, புரட்டாசி முதல் சனி. கோயில் குழாயடியில் அந்தப் பிள்ளை தன் வகுப்புப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டு நின்றாள். கையில் புளியோதரைத் தொன்னை. யாரோ தூரத்திலிருந்து படம் எடுத்தார்கள். அவ்வளவுதான் படம், அதில் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் படிவப் பையன்கள் மூவர், ஊர்ப் பெயரோடு ‘கன்ஃபெஷன்’ என்று சேர்த்து ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்திருந்தார்கள். ஒருவன் கணக்குத் திறந்தவன், ஒருவன் படம் எடுப்பவன், ஒருவன் எழுதுகிறவன். அதுவரை அதில் வந்ததெல்லாம் கேன்டீன் மீ கோரெங்கில் உப்பு இல்லை, இன்னாருக்கு இன்னார்மேல் கண் என்ற அளவில்தான். பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம், இவர்கள் அதைப் பக்கத்தில் ஏற்றுவார்கள். அன்றிரவு அந்தப் படத்தை ஏற்றினார்கள். மேலே எழுதியிருந்ததை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். கீழே ஒரு தொலைபேசி எண், பக்கத்தில் “ஆர்டருக்கு அழைக்கவும்”.

அது அவள் அம்மாவின் எண். தீபாவளி முறுக்கு, அதிரசத்துக்கு ஆர்டர் எடுப்பதற்காக அவரே நோட்டீஸ் அடித்து, கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் ஒட்டியிருந்த எண். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் யார் யாரோ கூப்பிட்டார்கள். கைப்பேசியை அணைத்து வைத்தால் முறுக்கு ஆர்டர் போய்விடும். எடுத்தால் காது கூசும் பேச்சு. அந்த அம்மா ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தார்.

ஞாயிறு காலை ஒரு மாணவி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். நான் அதை அப்படியே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டேன். “பெற்றோர்களே, பிள்ளைகளின் கைப்பேசியைக் கவனியுங்கள்” என்று இரண்டு வரி அறிவுரை வேறு. முகத்தை மறைக்கவில்லை. எண்ணை மறைக்கவில்லை. அங்கிருந்து அது கோயில் நிர்வாகக் குழுவுக்குப் போனது, தாமான் குழுவுக்குப் போனது, யாருடைய மைத்துனர் வழியாகவோ ஈப்போவுக்கும் போனது. அந்த அம்மாவுக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. இரவெல்லாம் ஏன் அழைப்பு வருகிறது என்று தெரியாமலே இருந்தவர், பெற்றோர் குழுவில்தான் தன் மகளின் படத்தைப் பார்த்தார். அவருக்கு அதைக் காட்டியது நான்.

திங்கட்கிழமை அவர் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார். பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள்.

பாட்டியின் சிம்

அடுத்த வாரம் போலீஸ் போய் நின்றது எழுபத்தொரு வயதுப் பாட்டி ஒருவரின் வீட்டு வாசலில். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கி ஓய்ந்தவர். கணக்குத் திறந்தவன் அவருடைய பேரன். அந்தக் கணக்கு இருந்த எண்ணின் சிம், பாட்டியின் மை காட்டில், அதாவது அடையாளக் கார்டில், பதிவானது. மலேசியாவில் பிரீபெய்ட் சிம்மை அடையாளக் கார்டு இல்லாமல் பதிவு செய்ய முடியாது. பேரன் டாப் அப் போட்டுக்கொண்டிருந்தான், பாட்டி பெயர் கொடுத்திருந்தார், இருவருமே அதை மறந்துபோயிருந்தார்கள்.

“எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது தம்பி. நான் எங்க போயி படம் போடுறது?” என்று என்னிடம் கேட்டார்.

வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ‘நெனெக்’ (பாட்டி) என்று மலாயில் அழைத்து, வாக்குமூலம் வாங்க நிலையத்துக்கு வரச் சொன்னார். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி சாட்சியப் பொருளாகப் போனது. பாட்டியின் நீரிழிவுக் கிளினிக் தேதி அதில்தான் இருந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் கூப்பிடுவதும் அதில்தான்.

1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருப்பது. ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ வெளியிட்டவராக, நடத்துபவராகக் காட்டப்படுகிறதோ, எந்த இணைப்பிலிருந்து பதிவு கிளம்பியதோ அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, எந்தக் கருவியிலிருந்து போனதோ அது யார் கைவசம் இருக்கிறதோ, அவரே வெளியிட்டவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இது தீர்ப்பு கிடையாது, அனுமானம்தான். எழுத்தறியாத பாட்டி அதை உடைப்பது கடினமும் இல்லை. பேரன் அன்றே ஒப்புக்கொண்டான். ஆனாலும் அந்த அனுமானத்தை உடைப்பதற்காக அவர் முட்டிவலியோடு இரண்டு முறை போலீஸ் நிலையப் படி ஏறினார்.

முதல் வகுப்பு தோற்றது

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சபைகூடலில் சிறப்புரை ஏற்பாடானது. அதிகாரி ஒருவர் வந்து திரையில் பிரிவுகளைக் காட்டினார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், 233ஆம் பிரிவு: முன்பு 50,000 ரிங்கிட் அபராதம், ஓராண்டுச் சிறைவரை. 2025 பிப்ரவரி 11 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி 500,000 ரிங்கிட், இரண்டாண்டுச் சிறைவரை. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் ஐந்தாண்டுவரை. தண்டனைச் சட்டத்தில் 2025 ஜூலை 11 முதல் சேர்ந்திருக்கும் பகடிவதைக் குற்றங்கள், 507பி முதல் 507ஜி வரை. மிரட்டும், இழிவுபடுத்தும் சொல்லால் ஒருவரை வேண்டுமென்றே அலைக்கழித்தால் மூன்றாண்டுவரை. ஒருவரின் அடையாளத் தகவலை அதே நோக்கத்தோடு பரப்பினாலும் மூன்றாண்டுவரை.

பின்வரிசையில் ஒருவன் கணக்குப் போட்டான். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம். 500,000 சேர்க்க இருபத்து நாலரை வருஷம். “அதுவரைக்கும் அப்பா சாப்பிடவே கூடாது சார்” என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் சட்டம் போய்விட்டது.

அவர்கள் தலையில் ஏற்கெனவே வேறொரு எண் இருந்தது: நூறு. 2024 ஜூலையில், ஈஷா என்ற பெயரில் டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி இணையப் பகடிவதைக்குப்பின் இறந்துபோனார். அந்த விவகாரத்தில் ஒரு பெண்ணுக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தப் பிரிவு இடம் கொடுத்த உச்சத் தொகையே அதுதான். நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டதற்கு அந்தக் கொதிப்பும் காரணம். ஆனால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் நினைவில் தங்கியது கொதிப்பு இல்லை, விலைப்பட்டியல். “நூறு வெள்ளிதானே சார்.”

நூறு என்றால் பயமில்லை. ஐந்து லட்சம் என்றால் நம்பிக்கையில்லை. நிஜத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கைப்பேசி பறிமுதல். வாக்குமூலம். வழக்காகிவிட்டால் சிறுவர் நீதிமன்றம், தீர்ப்புக்கு முன்னால் வீட்டு நிலவரத்தை விசாரித்து நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கை, எச்சரித்து விடுவது முதல் நன்னடத்தைக் கண்காணிப்புவரை பலவகை உத்தரவு. அபராதம் விதித்தால் அதைப் பெற்றோர் கட்டும்படி உத்தரவிடலாம், பிள்ளையின் நடத்தைக்குப் பெற்றோரையே பிணைப்பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லலாம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. தண்டனையின் உச்சத்தைச் சொல்கிறோம், நடைமுறையை விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் அன்றே அந்தப் பையனின் வீட்டில் நடைமுறை தொடங்கிவிட்டிருந்தது.

மஞ்சோங் தாள்

அதன் பிறகு சமூக ஊடகப் பொறுப்பைக் கற்பிக்க நான் நடத்தியது நான்கு சனிக்கிழமைகள், மூன்றாவதைத் தவிர எல்லாம் கோயில் மண்டபத்தில். முதல் நாள் சட்டம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. மஞ்சோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாள் மூன்றை ஒட்டித் தரையில் விரித்தேன். ஒரு முனையில் கோயில் குழாயடி, மறுமுனையில் அந்த அம்மாவின் கைப்பேசி. படம் இங்கிருந்து அங்கே எப்படிப் போனது என்று வரையச் சொன்னேன். தொட்டவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தாங்களே எழுத வேண்டும். அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் விதி. அந்த மூன்று பையன்களும் அன்று வரவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரோ படத்தில் எழுதியிருந்ததோ தாளில் எங்கும் வராது என்று அவள் அம்மாவிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன்.

பத்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடவில்லை. நான் குனிந்து என் எழுத்தைப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ‘லைக்’ மட்டும் போட்டேன் என்று ஒருத்தி. தோழிக்குக் காட்டத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன் என்று இன்னொருத்தி. சிரிக்கும் ஸ்டிக்கர் போட்டேன் என்று ஒருவன். அந்த அம்மாவின் முகத்தை ஸ்டிக்கராக வெட்டியது தான்தான் என்று சொன்னவன் எழுத்தைப் போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்விட்டான். வகுப்பு முடியும்வரை திரும்பவில்லை. தாளில் கடைசியில் இருந்தவை நாற்பத்தொரு எழுத்துகள். மூன்று பேர் செய்த காரியம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது.

தாளில் இன்னொன்றும் தெரிந்தது. இன்ஸ்டாகிராமில் படம் இருந்தது பதினாறு மணி நேரம்தான். பயந்துபோய் அவர்களே நீக்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்தவை, பெரியவர்களின் புலனக் குழுக்கள் வழியாக. நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்டவை. “யாருன்னு கண்டுபிடிங்கப்பா” என்று எழுதி அனுப்பப்பட்டவை. என் கோடும் அதில் தடித்த கோடு. இளையோருக்குச் சமூக ஊடகப் பொறுப்பு கற்பிக்கிறோம் என்று கிளம்பியவன், ஊரில் பெரிய பகிர்வாளர்களில் ஒருவன் என்று பிள்ளைகள் வரைந்த படமே காட்டியது. பெற்றோர் குழுவிலும் அந்த அம்மாவிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர், “சரி சார்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இரண்டு கேள்விகள்

இரண்டாம் சனிக்கிழமை எழுதுகிறவன் வந்தான். அவன் கேட்டதுதான் அந்த நான்கு வாரத்தில் வந்த நல்ல கேள்வி.

“சார், அந்த நம்பர் முறுக்கு நோட்டீசுலயே இருக்கு. ஊருக்கே தெரியும். நாங்க போட்டா மட்டும் எப்படித் தப்பு?”

நோட்டீசைப் போய்க் கிழித்துவரச் சொல்லவில்லை. பார்த்து எழுதிவரச் சொன்னேன். வந்தான். முறுக்கு கிலோ விலை, அதிரசம் விலை, எண், “அழைக்கவும்”. அவர்கள் பதிவில் இருந்ததும் அதே எண், அதே சொல். மண்டபத்தில் வாக்குவாதம் நடந்தது. தகவல் பொதுவானது என்பது ஒரு தரப்பு. அந்த அம்மா முறுக்குக்காகக் கொடுத்த எண்ணை வேறெதற்கோ திருப்பிவிட்டார்கள் என்பது இன்னொரு தரப்பு. 507இ பிரிவைப் படித்துக் காட்டினேன். அது கேட்பது, இந்தத் தகவல் ரகசியமா என்பதை இல்லை. என்ன நோக்கத்தோடு பரப்பினாய் என்பதை. எழுதுகிறவன் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ மேல எழுதின வரிதான் சார் கேசு, நம்பர் இல்ல” என்றான். மேல் வரியை எழுதியது அவன்தான். சட்டக் கல்லூரியில் இதற்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார்களோ, நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது கேள்வி லயத்திலிருந்து வரும் நாலாம் படிவப் பெண்ணுடையது. “தோட்டத்துல மூணு நாளா தண்ணி வரலன்னு போட்டிருந்தேன் சார். அந்தப் போலீஸ் பேச்சைக் கேட்டுட்டு எடுத்துட்டேன். எடுத்தது சரிதானே?”

இல்லை. இந்தக் கேள்வி எனக்கு முதல் கேள்வியைவிட அதிகக் கவலை தந்தது. பயமுறுத்திக் கற்பித்தால் முதலில் வாயை மூடுவது கெட்டதைச் சொல்கிறவன் இல்லை, தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறவள். 233ஆம் பிரிவு ஆபாசம், பொய், மிரட்டல், மிகக் கடுமையாகப் புண்படுத்தும் பேச்சு என்று வகை சொல்கிறது; கூடவே நோக்கத்தையும் கேட்கிறது. வெறும் ‘புண்படுத்தும்’ என்றிருந்த சொல் 2025 திருத்தத்தில் ‘மிகக் கடுமையாக’ என்று இறுகியது, அது விரிந்து எதையும் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக. அந்தப் பிரிவு இன்னமும் அகலமானது என்று வாதிடுகிற வழக்கறிஞர்கள் நாட்டில் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான். வறண்ட குழாயைப் படம் எடு, தேதி போடு, எத்தனை வீடு என்று எண்ணி எழுது, மேலாளரைத் திட்டாதே, கிராணியின் (தோட்ட எழுத்தரின்) குடும்பத்தை இழுக்காதே, தண்ணீர் வந்ததும் வந்தது என்று போடு. அவள் மறுபடி போட்டாள். நான்கு வரி. அந்த வாரம் நான் திருத்திய கட்டுரைகளில் எதுவும் அவ்வளவு சுத்தமாக இல்லை.

மூன்றாம் சனிக்கிழமையை அரசாங்கத்தின் நாடி இணைய மையத்தில், கணினிகளுக்கு முன்னால் வைத்துக்கொண்டோம். கற்பித்தது சின்ன விஷயங்கள்: தனக்கு இப்படி நடந்தால் பதில் எழுதாதே; புகார் பொத்தானை அழுத்துவதற்கு முன் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை; போலீஸ் புகார், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளம், மனசு தாங்காவிட்டால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999. நீக்கச் சொல்லி முதலில் சண்டை போட்டால் சாட்சியம் போய்விடும். அந்த அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சியம், வேடிக்கை பாருங்கள், நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்.

அன்று ஒருவன் செய்தி படித்துவிட்டு வந்திருந்தான்: 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2026 முதல் சமூக ஊடகக் கணக்கு இல்லை, அடையாளக் கார்டை வைத்து வயதைச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று அரசாங்கம் அறிவித்திருப்பதாக. “அப்போ பாட்டி கார்டு இருக்குல்ல சார்” என்றான் இன்னொருவன். பாட்டியின் பேரன் தலை நிமிரவில்லை.

நான்காம் சனிக்கிழமையும் அதற்குப் பிறகும்

விசாரணைக் கோப்பு துணை அரசு வழக்கறிஞர் வரை போனது. குற்றச்சாட்டு பதிவாகவில்லை. மூன்று பையன்களும் பெற்றோருடன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள்; அவர் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. பள்ளி அவர்களை ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பியது. அந்தப் பிள்ளை ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கி அங்கேயே படிக்கிறாள். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். முழுவதையும் படித்துவிட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். எது என்று கேட்காதீர்கள். மூன்று பேர் திருந்தினார்களா என்று கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. கணக்குத் திறந்தவன் டியூஷனுக்கு வருகிறான், பின்னால் உட்காருகிறான். ஊர்ப் பெயரில் இன்னொரு ‘கன்ஃபெஷன்’ பக்கம் முளைத்திருக்கிறது; யாருடையது என்று தெரியவில்லை. மீ கோரெங்கில் உப்பு இல்லை என்ற அளவில்தான் இதுவரை.

நான்காம் வகுப்புக்குப் பெரியவர்களை அழைத்தோம். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், மண்டபம் நிறைந்தது. ஓர் அம்மா எழுந்தார். “வைஃபை என் பேர்ல இருக்கு சார். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பாஸ்வர்ட் கொடுத்திருக்கேன், பாவம் படிக்கிற பிள்ளைன்னு. அவன் ஏதாச்சும் போட்டா?” 114ஏ பிரிவைத் திரும்பச் சொன்னேன். கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த லயத்தில் மூன்று வீடுகள் ஓர் இணைப்பில்தான் ஓடுகின்றன. யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள் என்றேன். கொஞ்சம் அரைகுறையான பதில்தான். வேறு பதில் தெரியவில்லை.

பிறகு எல்லோரும் மை காட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் கைப்பேசிக் கடைக்கு நடந்தோம், தங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க. பாட்டியும் வந்தார், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு. அவருடைய கைப்பேசி அதற்கு முந்தின வாரம்தான் திரும்பக் கிடைத்திருந்தது. கடைப் பையன் கணினியைப் பார்த்துவிட்டு மூன்று என்றான். ஒன்று பேரனுடையது. இன்னொன்று கோலாலம்பூரில் இருக்கும் மகன் எப்போதோ வாங்கியது.

“மூணாவது யாரு?” என்று பாட்டி கேட்டார்.

கடைப் பையன் எண்ணை வாசித்தான். பேரன் தலையாட்டினான், தெரியாது. பாட்டி அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி, மடித்து, சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.